ஓலை கட்டின கடல்

இல்லம்மா, நான் ஒண்ணும் உன் போனை எட்டிப் பாக்கல. பக்கத்துல உக்காந்திருக்கேன், கண்ணுல பட்டுருச்சு. அந்தப் போட்டோவுல இருக்கிற கடலு நிசமாவே அந்த நிறந்தான். பச்சையும் நீலமுமா. சாயம் பூசி ஏமாத்துதாவன்னு நினைச்சுராத. நான் போயிருக்கேன். ஃபிஜின்னுதானே போட்டிருக்கு? ஆங், அதேதான். அந்த நாட்டுலயும் ஒரு ஓரத்துத் தீவு. பிளேன் எறங்காது, போட்டுலதான் போவணும்.

சிரி, சிரி. என்னையப் பாத்தா யாரு நம்புவா. பஸ்சுல ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கிட்டு உவரி கோயிலுக்குப் போற பொம்பளை ஃபிஜிக்குப் போனாளாம். ஆனா போனேன். போயி, ஒரு போட்டு விட்டு மறு போட்டு வார வரைக்கும் அங்கதான் கிடந்தேன்.

கழுத்துல மஞ்சக்கயிறு இன்னும் புதுசா இருக்கு. கல்யாணம் முடிஞ்சு ரெண்டு பேருமா போறீகளாக்கும்? போங்க. நல்லா இருங்க. என்னையக் கேட்டா, அங்க பாக்கதுக்கு ஒண்ணும் கிடையாது. காடு இருக்கு. மழை பெய்யிது. பெஞ்சு முடிச்சு வெயில் அடிக்கு, வெயில் முடிஞ்சு மறுபடியும் மழை. செவப்பும் பச்சையுமா கிளி பறக்கும். அருவி ஒண்ணு இருக்கு. அந்த ஊரு பொம்பளைங்க என்னையக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி, அது முன்னால ஒரு கல்லுல உக்கார வச்சாவ. நானும் பாத்தேன். தண்ணி மேல இருந்து கீழ விழுது. வேற என்ன செய்யும்? ரொம்ப நேரம் உக்காத்தி வச்சுட்டு, மறுபடி கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாவ.

சத்தம் கிடையாது. அதுதான் எனக்கு ஆகல. எங்க ஊர்ல விடியும்போதே ஐஸ் உடைக்க சத்தம், ஏலம் போடுத சத்தம், போட்டு எஞ்சின் சத்தம். அங்க ஒரு சேவல் கூவுனா அதுதான் அன்னைக்கு விசேஷம். என்னையக் கூட்டிட்டுப் போன தங்கவேலுன்னு ஒருத்தரு, போட்டுல வச்சே சொன்னாரு. “அம்மா, அந்த ஊர் சனங்க நல்லா பாடுவாங்க, சாயங்காலமானா ஊரே பாட்டா இருக்கும்.” எங்க பாடுனாவ? ஒருத்தர் வாயைத் திறக்கல. சின்னப் பிள்ளைக கூட என்னையக் கண்டா விளையாட்டை நிறுத்திரும்.

எதுக்குப் போனேன்னு கேக்கியா? எம் மகனைக் கூட்டிட்டு வரப் போனேன். ரெமிஜியுஸ். வீட்டுல ரெமி. கடைக்குட்டி. மீனைப் பத்தின படிப்புத்தான் படிச்சான். அவங்க அப்பா கஸ்பாரு, விசைப்படகுல டிரைவரா இருந்தாவ. மீனு புடிக்கிறவன் மகன் மீனைப் படிக்கானேன்னு எங்க தெருவுல ஒரே கேலி. படிச்சு முடிச்சு அந்தத் தீவுல வேலை. ஊருக்கு முன்னால பெரிய பாரு கிடக்கு. பாருன்னா கடலுக்குள்ள கிடக்குற பாறைத்தரை, மீனு அடையுற இடம். அதுல பவளப்பாறை செத்துப்போச்சாம், அதைப் புதுசா நட்டு வளக்குற வேலை. நெல்லு நடுத மாதிரி நடணுமாம். போன்ல சிரிச்சுக்கிட்டே சொல்லுவான், “எம்மா, நான் கடல்ல விவசாயம் பாக்கேன்”னு.

இறந்துட்டான். சொல்லலையா நான்? சொல்ல மறந்துட்டேன் பாரு. தண்ணிக்குள்ள வேலைக்கு எறங்குனவன் ஏறல. நீரோட்டம் இழுத்துருச்சுன்னு சொன்னாவ. அந்த ஊரு ஆம்பளைகதான் தேடி எடுத்திருக்காவ. நீ ஏன் அழுக? நானே அழல. தகவல் வந்தன்னைக்கு நான் கருவாட்டைக் காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். போனை வச்சுட்டு, மிச்சத்தையும் காயப் போட்டு முடிச்சேன். அதுக்கப்புறம் எனக்கு எதுவும் சரியா உறைக்கல. இப்பவும் அப்படித்தான். சாப்பாட்டுல உப்பு இருக்கா இல்லையான்னு எம் புருசன் அவுக சொல்லித்தான் தெரியும்.

அங்க ஐஸ் பெட்டி எல்லாம் கிடையாது. அதனால அவன் வேலை பாத்த கம்பெனிக்காரங்க ஒரு தகரப் பெட்டி அனுப்பி, அதுல அவனை வச்சு, காத்துப் போகாம ஓரத்தை ஈயத்தால பத்தவச்சு, அந்த ஊருலயே புதைச்சிருக்காவ. பின்னால வந்து எடுத்துக்கலாம்னு சொல்லிட்டாவ. எனக்கு பாஸ்போட்டு வந்து, அந்த நாட்டுல அனுமதி வந்து, எல்லாம் முடிய ரெண்டு மாசத்துக்கு மேல ஆயிருச்சு. கஸ்பாருக்கு முட்டி தேஞ்சு நடக்க முடியாது. வாசல்ல நின்னுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாவ. “பிள்ளையை அங்க விட்டுட்டு வந்துராத. கூட்டிட்டு வந்துரு.” அதுதான் எனக்கு வேலை. அருவி பாக்கவா போனேன்?

தங்கவேலைப் பத்திச் சொன்னேன்லா. அவரு தாத்தா காலத்துல கரும்பு வெட்ட இங்க இருந்து போனவங்க. தங்கவேல் கவுண்டர்னு பேரு போட்டிருக்கு, ஆனா தமிழ் கொஞ்சம் தட்டுத்தடுமாறித்தான் வரும். ரெமி கூட வேலை பாத்தவரு, டவுன் ஆபீஸ்ல இருக்காரு. அவருதான் என்னைய அந்த ஊர்ல கொண்டு விட்டாரு. விட்டுட்டு, “அடுத்த போட்டுல வந்து பெட்டியை எடுத்து உங்களைக் கூட்டிப் போறேன் அம்மா”ன்னு திரும்பிட்டாரு. அவரு போனதும் எனக்கு வாயும் இல்ல காதும் இல்ல. அவங்க பாஷை எனக்குத் தெரியாது, எம் பாஷை அவங்களுக்குத் தெரியாது. “ரெமி”ங்கிற ஒரு வார்த்தைதான் ரெண்டு பக்கமும் தெரியும்.

லித்தியான்னு ஒருத்தி வீட்டுல தங்க வச்சாவ. எம் வயசு இருக்கும். அவ வீட்டுலதான் ரெமியும் இருந்திருக்கான். அவன் படுத்த பாயிலயே என்னையும் படுக்கச் சொன்னா. அந்தப் பொம்பளை தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தா. பேன் விழுந்திருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். பாசமாத்தான் இருந்தா, இல்லைன்னு சொல்லல. ஆனா சாப்பாடு இருக்கே, சாப்பாடு.

காலையில மரவள்ளிக் கிழங்கு. மத்தியானம் சேப்பங்கிழங்கு மாதிரி ஒண்ணு, யானைக்கால் பெருசுல. ராத்திரி சீமைப்பலா. மறுநாள் அதையே மாத்தி மாத்தி. மீனு கிடையாது. நல்லா கேட்டுக்கோ. வீட்டு வாசல்ல இருந்து கல்லை விட்டு எறிஞ்சா கடல்ல விழும். அந்தக் கடல்ல மீனு துள்ளுது, நான் கண்ணால பாக்கேன். கரையில வந்து மேயுது. ஆனா எனக்கு ஒரு துண்டு மீனு வைக்கல. ஒரு நாள் லித்தியா எங்கயோ போயி ஒரு டப்பா வாங்கிட்டு வந்தா. வெட்டித் திறந்தா உள்ள எண்ணெயில ஊறுன டப்பா மீனு. கடக்கரையில பிறந்து, மீனு வித்து, மீனு தின்னு வளந்தவ நான். எனக்கு டப்பா மீனு! அதையும் எனக்கு மட்டுந்தான் வச்சா. அவ பிள்ளைக என் தட்டைப் பாத்துக்கிட்டு கிழங்கைத் தின்னுச்சு. நான் தொடல. தட்டைத் தள்ளி வச்சேன்.

எனக்குத் தோணுச்சு, இவ்வளவு தூரத்துல இருந்து வந்த பொம்பளைக்கு, பிள்ளையைப் பறிகுடுத்தவளுக்கு, ஒரு மீனு குடுக்க மனசு வரல பாரு இந்தச் சனங்களுக்குன்னு. சரியான கஞ்சங்க. மரியாதையும் தெரியாது. நான் தெருவுல நடந்து போவேன், நின்னுக்கிட்டு இருக்கவங்க எல்லாம் பொத்துன்னு தரையில உக்காந்துருவாவ. எங்க ஊர்ல பெரியவங்க வந்தா எந்திரிப்போம். இவங்க நான் வந்தா உக்காருதாவ. ஊருத் தலைவரு, ராத்துன்னு கூப்பிடுவாவ, நரைச்ச தலை, மலை மாதிரி மனுசன். அவரும் என்னையப் பாத்ததும் உக்காந்துட்டாரு. உக்காருங்க, எனக்கென்னன்னு நான் பாட்டுக்குக் கல்லறைக்குப் போவேன், வருவேன்.

கல்லறையா? நல்லாத்தான் வச்சிருந்தாவ. சுத்தி வெள்ளைக் கல்லு அடுக்கி, மேல பாய் விரிச்சு, தினம் பூ. நான் போயி உக்காருவேன். ஜெபமாலை சொல்லுவேன். உள்ள அவன் இருக்கான்னு மனசுக்குத் தெரியும், ஆனா ஒண்ணும் தோணாது. மழை வந்தா எந்திரிச்சு வந்துருவேன்.

இப்ப கேளு. பாருல அங்கங்க கம்பு நட்டு, கம்பு நுனியில தென்னை ஓலையை முடிஞ்சு கட்டியிருந்தாவ. கரையில இருந்து பாத்தா வரிசையா தெரியும். நான் பாத்ததும் கண்டுபிடிச்சுட்டேன். எங்க பக்கத்துல கணவாய் மீனு சேரணும்னு தென்னங்குலையும் ஓலையுமா கட்டிக் கடல்ல போடுவாவ. அந்த நிழல்ல கணவாய் வந்து முட்டை இடும், போயி அள்ளிக்கிட்டு வரலாம். ஓகோ, இவங்களும் அந்த வேலைதான் பாக்காவ, மீனைச் சேத்து வச்சு, நான் தூங்குன பொறகு எடுத்துத் திங்காவன்னு நினைச்சேன். எனக்கா தெரியாது? நான் கஸ்பாரு பொண்டாட்டி.

போட்டு வரதுக்கு முந்துன நாளு. தண்ணி நல்லா வத்தியிருந்துச்சு. சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு எறங்கிட்டேன். இந்த வயசுல பாருல நடக்க முடியுமான்னு பாக்காத, சின்னதுல இருந்து நடந்த காலு. கைக்கு ஒரு கம்பு வேணும்லா, ஓலை கட்டியிருந்த கம்பு ஒண்ணைப் புடுங்கிக்கிட்டேன். ஓலையை அவுத்துத் தூரப் போட்டேன். கல்லு இடுக்குல கம்பை விட்டுக் குத்துனா மீனு ஓடவே மாட்டேங்கு. ஆளைக் கண்டு பயப்படாத மீனை நான் அன்னைக்குத்தான் பாத்தேன். காலைச் சுத்தி வருது. ஒரு குழியில ஓரா மீனு கூட்டமா நின்னுச்சு. ஓரான்னா எங்க ஊர்ல உசிரு. முந்தானையை விரிச்சு அப்படியே அணைச்சுத் தூக்குனேன். ஓரா முள்ளு குத்துனா ஆம்பளையே அலறுவான், அவ்வளவு கடுப்பு. உள்ளங்கையில ரெண்டு இடத்துல குத்திருச்சு, ரத்தம் வருது. எனக்குக் கடுக்கவே இல்ல. பாத்துக்கிட்டே நின்னேன், ரத்தம் தண்ணியில போறதை.

கரையேறி வந்தா லித்தியா வாசல்ல நிக்கா. என் முந்தானையைப் பாத்தா, என் கையில இருந்த கம்பைப் பாத்தா. அப்படியே கையால வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டா. பாத்தியா, வெக்கம் வந்துருச்சுன்னு நினைச்சேன். எந்திரிச்சு ராத்து வீட்டுப் பக்கம் ஓடுனா.

ஓடட்டும்னு நான் உக்காந்து மீனைக் கழுவுனேன். வரும்போதே புளியும் வத்தப்பொடியும் கட்டிக் கொண்டு போயிருந்தேன். தேங்காய்க்கு அங்க என்ன பஞ்சம். நல்லா அரைச்சு ஊத்தி, ஒரு பெரிய சட்டி நிறைய குழம்பு வச்சேன். வாசம் ஊரைத் தூக்கிருச்சு. எனக்கு உறைக்கல, ஆனா இருந்திருக்கும்லா.

குழம்பு எறக்கும்போது வந்தாவ பாரு. ராத்து, ஊருப் பெரிய மனுசங்க, பொம்பளைங்க. வரிசையா பாயில வந்து உக்காந்தாவ. மீனு வாசம் இழுத்துட்டு வந்துருச்சுன்னு எனக்குச் சிரிப்பு. நான் கஞ்சம் இல்ல. எல்லாருக்கும் ஊத்துனேன், கிண்ணத்துலயும் சிரட்டையிலயும். ஆளுக்கு ஒரு துண்டு கூட வராது, அரைத் துண்டு, கால் துண்டு. யாரும் கை வைக்கல. எல்லாரும் ராத்து மொகத்தையே பாக்காவ. அவரு கிண்ணத்தைக் கையில வச்சுக்கிட்டு குழம்பையே குனிஞ்சு பாத்தாரு. பொறகு என்னைய ஒரு பார்வை பாத்தாரு. கண்ணை மூடி என்னமோ சொன்னாரு, நடுவுல “ரெமி”ன்னு கேட்டுச்சு. உள்ளங்கையைக் குவிச்சு மெதுவாத் தட்டுனாரு. பொறகு மீனைப் பிச்சு வாயில போட்டாரு.

அவரு தின்ன பொறகுதான் மத்தவங்க தின்னாவ. ஒருத்தர் விடாம. ஒரு கிழவரு கண்ணுல தண்ணி தாரையா ஊத்துச்சு. எங்க ஊரு வத்தப்பொடிலா, காரம் தாங்கலன்னு நினைச்சு அவருக்குத் தண்ணி மொண்டு குடுத்தேன். வாங்கிக் குடிச்சாரு. சட்டி காலி. இவ்வளவு ஆசையை வச்சுக்கிட்டு எனக்கு ஒரு மீனு தரலையேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

மறுநாள் போட்டு வந்துச்சு. தங்கவேல் கரையில கால் வச்சதும் பாருப் பக்கம் பாத்தாரு. கம்பு ஒண்ணு கூட இல்ல, எல்லாத்தையும் புடுங்கியிருந்தாவ. அவரு ராத்து கூடப் போயி பேசிட்டு வந்தாரு. வந்து என் பக்கத்துல மணல்ல உக்காந்தாரு. மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு.

“அம்மா, நீங்க பார்ல மீன் பிடிச்சீங்களா?”

“ஆமா, புடிச்சேன். இவங்க எனக்குத் தரல. நானே புடிச்சேன்.”

“அம்மா, அது மூடின கடல். ஓலை கட்டினா மூடிட்டாங்கன்னு அர்த்தம். ஊர்ல முக்கியமான ஆள் செத்தா பாரை மூடுவாங்க. மூணு நாலு மாசம் ஒருத்தரும் மீன் பிடிக்க மாட்டாங்க, மீன் சாப்பிட மாட்டாங்க. பாட்டு கிடையாது. தலைவர் குடும்பத்துக்குத்தான் மூடுவாங்க அம்மா. வெளி ஆளுக்கு மூடினது எனக்குத் தெரிஞ்சு இல்லை. ரெமிக்கு மூடினாங்க.”

இன்னும் சொன்னாரு. லித்தியா முடியை வெட்டுனதும் அவனுக்குத்தானாம். என்னையக் கண்டா உக்காருததும், துக்கக்காரிக்கு மேல யாரும் நிக்கக் கூடாதாம், அந்த மரியாதைக்குத்தானாம். “சொல்லியிருக்கலாமே”ன்னு கேட்டேன். “துக்க வீட்டு ஆள்கிட்ட நாங்க இதைச் செய்யறோம்னு சொன்னா அது பெருமை பேசுறது மாதிரி அம்மா, சொல்ல மாட்டாங்க. எனக்கும் சொல்லலை.”

“சரி, நேத்து ஏன் தின்னாவ? வேண்டாம்னு தள்ளியிருக்கலாம்லா?”

“தாய் சமைச்சது. தள்ளினா தாயை அவமானப்படுத்துறது. அதனால ராத்து முதல்ல சாப்பிட்டார், பழி அவர் மேல வரட்டும்னு. ஆனா மூடினது உடைஞ்சு போச்சு. இனிமே முதல்ல இருந்து மூடணும்.”

நீயே சொல்லும்மா, இதுல எம் மேல என்ன தப்பு? சொல்லாம இருந்தா எனக்கு எப்படித் தெரியும்? ஒரு ஆள் கையைக் காட்டித் தடுத்திருந்தா நான் ஏன் எறங்கப் போறேன்? அதுதான் என் மனத்தாங்கல். இன்னைக்கு வரைக்கும் அதுதான்.

அப்புறம் ராத்து தங்கவேலை விட்டுக் கேட்டாரு. பிள்ளையை எடுத்துட்டுப் போறீங்களா, இங்கயே விடுறீங்களா, எதுன்னாலும் சரி. நான் எடுத்துட்டுப் போறேன்னுட்டேன். கஸ்பாரு வாசல்ல நின்னு சொன்னது அதுதானே. குழியை அவங்களே தோண்டுனாவ. மம்பட்டி சத்தம் மட்டும் கேட்டுச்சு. பெட்டி மேல வந்ததும் லித்தியா அதை ஒரு பாயால சுத்துனா. சுத்தி முடிச்சு, அது மேல கவுந்து படுத்துக்கிட்டா. அவளைத் தூக்கத்தான் ரெண்டு பேரு வேண்டியிருந்துச்சு. நான் நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். பெத்தவ நான், அழுறது அவ. எனக்குக் கோவம் கூட வரல.

போட்டு கிளம்புச்சு. கொஞ்ச தூரம் போயி திரும்பிப் பாத்தா, ஆம்பளைங்க இடுப்பளவு தண்ணியில எறங்கி நிக்காவ. பச்சை ஓலை, அப்பத்தான் வெட்டுனது. கம்பு கம்பா நட்டுக்கிட்டு இருக்காவ. நான் தங்கவேல்கிட்ட கேட்டேன், “அவனைத்தான் நான் எடுத்துட்டு வந்துட்டேனே, இனி யாருக்கு மூடுதாவ?” 

“நானும் கேட்டேன் அம்மா. உடம்பை அம்மா கொண்டு போறாங்க, அது அவங்க உரிமை, எங்களுக்கு இன்னும் அழுது முடியலைன்னு சொன்னாங்க.”

இங்க கொண்டு வந்து சேத்தேன். கஸ்பாரு பெட்டியைத் தடவிப் பாத்துட்டு, “வந்துட்டான்”னு மட்டும் சொன்னாவ. அடக்கத்துக்கு நாள் குறிச்சா, அது மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு மொத மொதலா போட்டெல்லாம் கடலுக்குப் போற நாளா அமைஞ்சு போச்சு. எங்க ஊர்லயும் ஒரு சாவு விழுந்தா அன்னைக்குத் தொழிலுக்குப் போக மாட்டாவ. ஆனா ரெண்டு மாசமா சும்மா கிடந்த சனம். வட்டிக்கு வாங்கி வலை கட்டி வச்சிருக்கு. அவன் செத்து எவ்வளவோ நாளாயிருச்சு, இனி என்ன துக்கம்னு தோணியிருக்கும். யாரையும் குத்தம் சொல்ல முடியாது. சாமியார் மந்திரிச்சு மண்ணு அள்ளிப் போடும்போது, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டு ஒண்ணொண்ணா போற சத்தம். வெடி போட்டுக்கிட்டுப் போனாவ, மொத நாளுன்னு. சாயங்காலம் எங்க தெரு முழுக்க மீனு பொரிக்க வாசம். பக்கத்து வீட்டுக்காரி மனசு கேக்காம எனக்கும் ஒரு தட்டு கொண்டு வந்து குடுத்தா. நல்லவதான்.

அதோட எங்க ஊர்ல முடிஞ்சு போச்சு. அவுகளும் நானும் இருக்கோம். ரெமின்னு யாரும் பேச்செடுக்க மாட்டாவ, எங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு.

தங்கவேலா? அவரு விடாம போன் போடுவாரு. இப்ப கொஞ்ச நாளா ஒரே விசயந்தான். மூடுன கெடு முடிஞ்சிருச்சாம். திறக்கணுமாம். திறக்கும்போது மொத மீனை இறந்தவன் தாய் கையில குடுத்து, அவ சரின்னு சொன்னாத்தான் மத்தவங்க வலை போடணுமாம். “டிக்கெட் போடுறோம், வாங்க அம்மா”ன்னாரு. கால் வலின்னேன். ராத்துகிட்ட கேட்டுட்டு மறுபடி போட்டாரு. “வர முடியலைன்னா பரவாயில்லை, போன்ல சொன்னா போதுமாம் அம்மா. சரி, திறங்கன்னு ஒரு வார்த்தை. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. ஊர்ல கஷ்டமா இருக்கு, சின்னப் பிள்ளைங்க இருக்கு.” யோசிச்சுச் சொல்லுதேன்னு வச்சுட்டேன். அதுக்குப் பிறகு நான் எடுக்கல. கஸ்பாருகிட்ட சொல்லவும் இல்ல. சொன்னா அவுக உடனே, “சொல்லித் தொலை, பாவம் அந்தச் சனம்”ம்பாவ.

எனக்குத் தெரியாதா பாவம்னு? அந்தக் கிழங்கைத் தின்னவ நான். ஆனா அந்த வார்த்தையைச் சொன்னா என்ன ஆகும்னு நீயே யோசிச்சுப் பாரு. பிள்ளைக தண்ணிக்குள்ள குதிக்கும். சாயங்காலம் பாட்டு தொடங்கிரும். லித்தியா முடியை வளர விடுவா. வளரட்டும், நல்லா இருக்கட்டும். ஆனா அவனுக்குன்னு நின்னு கிடக்குறது இந்த உலகத்துல அது ஒண்ணுதாம்மா. அதையும் என் வாயாலயே திறந்து விடச் சொல்லுதாவ.

உவரி ஆர்ச் தெரியுது. நான் எறங்கணும், அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடு. நீங்க ரெண்டு பேரும் வேற தீவா பாத்துப் போங்க, எவ்வளவோ இருக்கே. 

இந்தா, போன் அடிக்கு பாரு. அவருதான். இந்த நேரத்துக்குத்தான் போடுவாரு. இல்லம்மா, எடுக்க வேண்டாம், நீயும் எடுக்காத. அடிச்சு ஓயட்டும்.

ஓஞ்சிருச்சு. நாளைக்கும் அடிப்பாரு. அவரு அடிக்கிற வரைக்கும் அங்க இன்னும் திறக்கலன்னு அர்த்தம்.